முதுசம் கொடுப்பதும் ஓர் அறமே

"காணி பிரிப்பதற்கு நான் என்ன சாகவா போகிறேன்?" என்று கேட்கும் பெரியோர் எமது கிராமங்களிற் பலர். மரணசாதனம் என்ற சொல்லே அவர்களுக்கு அபசகுனமாகப் படுகிறது. வேறு சிலர், "பற்றை விடவேண்டிய வயதில் சொத்தைப் பற்றி நினைக்கலாமா?" என்பர். இக்கேள்வி சிந்திக்கத்தக்கது.

பற்று என்பது பொருளைக் கடைசிவரை இறுக்கிப் பிடித்திருப்பது. "இது இன்னாருக்கு" என்று மனமுவந்து ஒதுக்கி வைப்பவர் உண்மையில் அப்பொருளை விட்டவராகிறார். ஒன்றும் சொல்லாமற் கண்மூடுபவரோ பற்றையும் விடவில்லை. பிள்ளைகளுக்கு வழக்கையும் வைத்துவிட்டுப் போகிறார்.

வடமாகாணத் தமிழருக்கு இது புதிய விடயமன்று. ஒல்லாந்தர் காலத்தில் 1706 - 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்துக் கூறுகிறது. கணவன் மனைவியரில் ஒருவர் மரணசாதனமின்றி இறந்தால் அவரது தேடியதேட்டத்திற் பாதி மற்றவருக்கும், பாதி வாரிசுகளுக்கும் சேரும். ஆனால் சட்டம் பங்கைத்தான் சொல்லும். படுக்கையிற் கிடந்த தாயைப் பராமரித்த மகள் யார், வீடு கட்டப் பணம் அனுப்பிய மகன் யார், உழைக்க இயலாத பிள்ளை யார் என்பதை அது பார்ப்பதில்லை. சமபங்கு எப்போதும் நீதியான பங்காகிவிடாது. அதைப் பெற்றோரே நிறுத்துப் பார்க்க வேண்டும். காரணத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தம் வாயாற் சொல்ல வேண்டும்.

எமது நாட்டில் மரணசாதனம் எழுத்தில் இருக்க வேண்டும். பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க, அதன் முடிவிற் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை விதிக்கிறது. பங்கு பெறுபவர் சாட்சியாக நிற்பது நன்றன்று.

உயிரோடிருக்கும்வரை மரணசாதனத்தை மாற்றி எழுதலாம். நன்கொடை உறுதி அவ்வாறன்று. கொடுத்ததை மீளப் பெறுதல் கடினம். ஆகவே, குடியிருக்கும் வீட்டை மகளுக்கு எழுதும்போது சீவிய உரித்தை உங்களுக்கு வைத்து எழுதுங்கள். இது பிள்ளையில் நம்பிக்கையில்லாமற் செய்வதன்று. பிள்ளைக்கே கடன் வரலாம், நோய் வரலாம். எது வந்தாலும் முதியவர்களுக்கு ஒரு கூரை நிச்சயமாக வேண்டும்.

வங்கிக் கணக்குக்குப் பின்னுரித்தாளரை நியமித்துள்ளீர்களா என்று பாருங்கள். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்திற் பிரதி பெறமுடியுமா என விசாரியுங்கள். உறுதிகள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பதை நம்பிக்கையான ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

காணி, நகை தவிர இன்னொரு முதுசமும் உண்டு. தந்தையார் செய்துவந்த திருவிழா உபயத்தை அடுத்து எப்பிள்ளை ஏற்பது? இதையும் சொல்லாமல் விட்டால் அதுவே மனத்தாங்கலாகிவிடும். மகோற்சவ காலத்திற் பிறநாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து கூடுகிறார்கள். அந்நாள்களில் ஒரு மாலைப்பொழுதில் எல்லோரையும் இருத்திப் பேசுங்கள். எல்லை வேலிக்காக வழக்காடிய சகோதரர் முகம் பாராமல் நின்று ஒரே தேர்வடத்தைப் பிடிப்பது எத்துணை துன்பம்! எமக்குப் பின்னும் எமது பிள்ளைகள் ஒரு வீட்டாராய் வந்து வணங்க எம்பெருமான் திருவருள் துணைபுரிக.