மடலின் காவலர் யார்?

தலைநகரில் வாழும் நாம் ஒரு காலத்தில் ஊருக்கு இன்லண்ட் கடிதம் எழுதினோம். அதைச் சுமந்தது அரசு. வேண்டும்போது பிரித்துப் பார்க்கும் அதிகாரமும் அரசிடமே இருந்தது. 1986-இல் அவ்வதிகாரத்தை மேலும் விரிக்கும் அஞ்சல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தரவில்லை; திருப்பி அனுப்பவும் இல்லை. மௌனத்துக்கும் அத்துணை வலிமை உண்டு போலும்!

இன்று நம் மடல்களைச் சுமப்பது வாட்ஸ்அப் என்னும் அமெரிக்க நிறுவனம். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரெனக் கேட்டால் காட்ட வேண்டும் என்கிறது அரசின் 2021ஆம் ஆண்டு விதி. அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் சென்ற அந்நிறுவனம், மறைகுறிப் பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே கூறிற்று. அந்நியப் பங்கைக் குறைக்க மறுத்த ஐ.பி.எம். 1978-இல் வெளியேறியபோது குடும்பங்கள் அதை உணரவில்லை. இன்று அப்படியா?

அரசின் கேள்வியை ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. 2018-இல் குழந்தை கடத்துவோர் பற்றிப் பரவிய வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். ஆயினும் ஒருவரைக் கண்டறிய எல்லார் மடலிலும் அடையாளம் பதிப்பது எங்ஙனம் நீதியாகும்? நிறுவனத்தைக் காவலர் எனக் கொண்டாடவும் இயலாது. புதிய நிபந்தனைகளை ஏற்காதோர் கணக்கை இழப்பர் என 2021 சனவரியில் அறிவித்ததும் அதுவே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றம் மொழிந்தது மக்களுக்காக. இவ்வழக்கில் அத்தீர்ப்பை ஏந்தி நிற்பதோ நிறுவனம்.