அரக்கும் மட்குடமும்

பல உறுப்புகளை ஒன்றுசேர்த்து ஒரு பொருளை உண்டாக்கினோம் என்று உலக வழக்கில் சொல்லும்போது, அவ்வாறு உண்டானது உண்மையிலேயே ஒரு புதிய திரவியந்தானா, அல்லது பழைய உறுப்புகளின் நெருக்கத்துக்கு நாம் இட்ட பெயர் மாத்திரமா என்னும் வினா, பாரத நாட்டுத் தத்துவ ஞானிகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினாக்களுள் ஒன்று. அதை ஆராய அவர்கள் தேரையும் குடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து உலகெங்கும் செல்லும் ஒரு சிறு பிளாஸ்டிக் போர்வீரன். பொருள் அற்பமென்று வாசகர் கருத வேண்டா. இந்த வினாவுக்கு அது தேரைக் காட்டிலும் நல்ல சான்று.

அவ்வீரனைச் செய்யும், 1975-இல் தொடங்கப்பெற்ற கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம், வார்ஹாமர் என்னும் மேசைப் போர் விளையாட்டை 1983-இலும், தொலைவான எதிர்காலத்தைக் களமாகக் கொண்ட வார்ஹாமர் 40,000 என்பதை 1987-இலும் வெளியிட்டது. ஆடுவோர் விலைகொடுத்து வாங்கும் சேனை பெரும்பாலும் வீரர்களாகக் கைக்கு வருவதில்லை. ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் தலை வேறு, மார்பு வேறு, கை வேறு, துப்பாக்கி வேறாக வருகிறது. சிற்பி முதலில் சமைப்பதோ முழு உருவத்தையே. உருகிய பாலிஸ்டைரீனை வாங்கும் எஃகு அச்சு இரு பாதிகளாக நேரே பிரிந்தாக வேண்டும். மடிந்த முழங்கையும் மார்புக்குக் குறுக்கே ஏந்திய ஆயுதமும் அச்சினுள் சிக்கிக்கொள்ளுமாதலால், அந்த முழுமை துண்டு துண்டாக வகுக்கப்படுகிறது. இவ்வாறு, தேரில் பிந்திப் பிறக்கும் முழுமை இங்கே உறுப்புகளுக்கு முந்தியதாக நிற்கிறது.

கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கு நாகசேனர் காட்டிய தேரைப் பலரும் அறிவர். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, இவற்றை நீக்கித் தேர் என்று தனியே ஒன்றுமில்லை. ஆகவே அது வழக்கு நோக்கி இட்ட பெயரே என்பது பௌத்தர் முடிவு. இதனை ஒப்பாத நையாயிகர், அதாவது நியாய தரிசனத்தார், அவயவங்களாகிய உறுப்புகளின் வேறாக அவயவி என்னும் ஒரு முழுப்பொருள் உண்டு என்றனர். நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் அதற்கு ஓர் ஏதுவைக் கூறுகிறது: ஒரு பகுதியைப் பிடித்தால் முழுவதும் பிடிபடுகிறது, ஒரு பகுதியை இழுத்தால் முழுவதும் உடன் வருகிறது. மேசையில் நிற்கும் வீரனைத் தலையைப் பிடித்துத் தூக்கும் சிறுவன், தான் அறியாமலே இந்த ஏதுவைச் சோதிக்கிறான்.

ஆனால் அச்சூத்திரத்தின் பாஷ்யகாரராகிய வாத்ஸ்யாயனர், அவயவி உண்டென்னும் கொள்கையை வேறு காரணங்களால் நிலைநாட்டுபவராயினும், இந்த ஏதுவை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பிடிபடுதலும் உடன்வருதலும் பிணிப்பினால் நிகழ்வன. அப்பிணிப்பைப் பச்சைக் குடத்தில் நீரும், சுட்ட குடத்தில் தீயும் தருகின்றன. புல்லையும் கல்லையும் கட்டையையும் அரக்கினால் ஒட்டிவைத்தாலும் ஒன்றை இழுக்க மற்றவை உடன் வருமே. அங்கே புதிய திரவியம் எதுவும் பிறக்கவில்லையே என்பது அவர் கேள்வி. உறுப்புகளை ஒட்டுவதில் பழகியவர் எவரும் இதைப் படித்தால் வியந்து நிற்பர். ஏனெனில் அவர்கள் மேசைமேல் அரக்கும் இருக்கிறது, நீரும் இருக்கிறது.

சூப்பர் க்ளூ என்பது அரக்கின் இனம். இரு பரப்புகளுக்கு இடையே மூன்றாவது பொருளாகப் புகுந்து அங்கேயே இறுகி நிற்பது அது. உருவத்தைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் பசை நொறுங்குந்தன்மை அடைய, உறுப்புகள் முன்போலவே பிரிந்துவிடும். பிளாஸ்டிக் சிமெண்டோ பெயரளவிலேதான் பசை. உண்மையில் அது பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை இளக்கும் கரைப்பான். இளகிய இரு பரப்புகளின் நீண்ட அணுத்தொடர்கள் ஒன்றினுள் ஒன்று பின்னிக்கொள்ள, கரைப்பான் ஆவியாகி அகன்றுவிடுகிறது. களிமண்ணைப் பிணித்துவிட்டு உலரும் நீரைப் போல அது தன் காரியத்தை முடித்துப் போய்விட, இடையில் எஞ்சுவது எதுவுமில்லை. இதன்பின் அவ்வுறுப்புகளை அறுக்கலாமேயன்றிப் பிரிக்க இயலாது.

இம்மட்டில் நின்றால், சிமெண்டால் இணைந்த வீரன் ஒரு பொருள், சூப்பர் க்ளூவால் இணைந்தவன் பல பொருள் என்று முடிவுகட்ட நேரும். அம்முடிவு எனக்கு உடன்பாடன்று. அதை மறுக்கும் சாட்சி, ஒட்டுவதற்கு மிகக் கடினமான இடத்திலேயே கிடைக்கிறது. இரு கைகளாலும் துப்பாக்கியை ஏந்திய வீரனை எண்ணுக. வலத்தோள், இடத்தோள், துப்பாக்கியின் அடியைத் தாங்கும் இடக்கை ஆகிய மூன்று மூட்டுகளும் ஒருங்கே பொருந்த வேண்டும். வலக்கையை முதலில் ஒட்டி உலரவிட்டால் இடக்கை தோளை எட்டாது, அல்லது ஆயுதத்தைப் பற்றாது. ஆகவே பழகினவர் பசையின்றிப் பொருத்திப் பார்த்துவிட்டு, மூன்று மூட்டுகளிலும் சிமெண்டைத் தடவி, அது இளகியிருக்கும் சில நிமிஷங்களுக்குள் மூன்றையும் சேர்த்தே நகர்த்தித் திருத்துவர்.

அந்தச் சில நிமிஷங்களில் இருப்பது என்ன? தலையைப் பிடித்துத் தூக்கினால் யாவும் உதிர்ந்துவிடுமாகையால், சூத்திரம் சொல்லும் அடையாளம் அங்கே இன்னும் தோன்றவில்லை. ஆயினும் வலத்தோளை ஓர் இம்மி திருப்பினால் இடக்கையின் இடம் மாறுகிறது; எந்த உறுப்பும் மற்றவற்றை நோக்காமல் தன் நிலையைத் தானே தீர்மானித்துக்கொள்ள முடிவதில்லை. முழுமையின் முதல் அடையாளம் ஒட்டிக்கொள்ளுதலன்று, ஒன்றின் நிலையை மற்றொன்று நிர்ணயிக்கும் இந்தப் பரஸ்பர அபேட்சையே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பிணிப்பு பின்னால் வருவது. அது முழுமையைக் காக்கிறது, படைக்கவில்லை.

வாத்ஸ்யாயனரின் புல்லும் கல்லும் கட்டையும் ஒன்றாகாததன் காரணமும் இதுவே. அவற்றுள் ஒன்று மற்றொன்றின் வடிவை வேண்டி நிற்கவில்லை. கல்லிருந்த இடத்தில் ஓர் ஓட்டுத்துண்டை வைத்தாலும் கூட்டம் அதே கூட்டந்தான். குறை அரக்கினுடையதன்று என்பதற்கு உலோக வீரனே சான்று. வெள்ளீயக் கலவையில் வார்த்த உலோக வீரனுக்குக் கரைப்பானால் பயனில்லை. அவன் சிறகுடையவனாயின், அந்தக் கனத்த சிறகு சூப்பர் க்ளூவை மாத்திரம் நம்பி நில்லாது. கைத்துளைக்கருவியால் தோளிலும் சிறகிலும் நேருக்குநேர் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டொன்றை நுழைத்து ஒட்டுகிறார்கள். அங்கே எதுவும் உருகிக் கலக்கவில்லை. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே பசை பசையாகவே இருக்கிறது. எனினும் அந்தத் தோளின் சரிவுக்கென்றே வளைந்த சிறகும், அந்தச் சிறகின் பாரத்துக்கென்றே ஊன்றிய காலும் உடைய அவ்வீரன், சிமெண்டால் இணைந்தவனுக்கு எவ்வகையிலும் குறையாத ஓர் அவயவியே.