யாருடைய ரிஸ்க்?

தொழிற்சாலையில் புதுசா எதைக் கொண்டுவந்தாலும் முதலில் ஓர் அட்டவணை போடுவோம். எஃப்.எம்.இ.ஏ. என்று பெயர். என்ன கோளாறு வரலாம், வந்தால் எவ்வளவு கடுமை, எத்தனை தடவை வரும், வெளியே போவதற்குள் பிடிபடுமா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். பத்து காவானில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம். அதில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும்: கடுமைக்கு மதிப்பெண் போடும்போது, பொருளைக் கடைசியில் பயன்படுத்தப் போகிறவர் இடத்தில் நின்று பார்க்கணும்.

லூமுட் போர்க்கப்பல் விவகாரத்தைப் படித்தபோது இதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. 6 கப்பல்கள், 900 கோடி ரிங்கிட்டுக்கு மேல். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது: 608 கோடி கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட வரவில்லை. கால அட்டவணைப்படி அதற்குள் 5 வந்திருக்கவேண்டும். கொடுத்ததில் 40 கோடி, பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் போனது. கடற்படை கேட்ட வடிவமைப்பு சிக்மா. தேர்வானது கோவிண்ட். கப்பலில் ஏறப்போகிறவர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

ரிஸ்க் அனாலிசிஸ் சரியில்லை, அடுத்த முறை ஒழுங்கா பண்ணுங்கள் என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் அந்தக் கப்பல்கட்டும் தளம் போஸ்டெட் குழுமத்துடையது. போஸ்டெட்டின் பெரும்பங்கு அப்போது எல்.டி.ஏ.டி. கையில், அதாவது ராணுவத்தினரின் சேமிப்பு நிதியில். 1972இல் தொடங்கிய நிதி. அதிகாரி அல்லாத வீரர் ஒவ்வொருவரும் சம்பளத்தில் 10 விழுக்காடு கட்டாயம் கட்டவேண்டும். அரசு 15 விழுக்காடு சேர்க்கும்.

இப்போது ஒரு மாலுமியை நினைத்துப் பாருங்கள். புதுக் கப்பல் வராததால் 1984இல் படையில் சேர்ந்த கஸ்தூரி போன்ற கப்பலில் கடலுக்குப் போகிறார். அவருடைய சேமிப்பில் ஒரு பங்கு, அந்தப் புதுக் கப்பலைக் கட்டாத கம்பெனியில் இருக்கிறது. உயிரும் முதலும் ஒரே கூடையில். என் சேமநிதிப் பணம் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் போய் விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது. இத்தனைக்கும் என் வேலையில் யாரும் என்னைச் சுடப்போவதில்லை.

சொந்தப் பணம் உள்ளே இருந்தால் கவனமா இருப்பாங்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பணம் அவருடையது, முடிவு அவருடையது இல்லை. ஆபத்தைத் தெரிந்து ஏற்பது வீரம் என்கிறோம். கேட்காமலே ஒருவர் தலையில் ஏற்றிவைப்பதை, முதலீடு என்ற சொல்லால் மட்டும் நியாயப்படுத்த முடியுமா?

பிறகு அரசே தளத்தை எடுத்துக்கொண்டது. கப்பல்கள் 5 ஆகக் குறைந்தன, செலவு 1,120 கோடி ஆனது. போட்ட பணத்துக்காகத் தொடர்வது முட்டாள்தனம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் நிறுத்தியிருந்தால் மாலுமிக்குப் பழைய கப்பல்தான், எனவே தொடர்ந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கூடுதல் பணம் என் வரியிலிருந்தும் போகிறது. ஒரு வகையில் அவருடைய ரிஸ்க்கில் கொஞ்சம் இப்போது என் பெயருக்கும் வந்திருக்கிறது. என்னையும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் அட்டவணையில் ‘பொறுப்பாளர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் துறையின் பெயரை எழுதினால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆள் பெயர் வேணும் என்பார்.