கரும்புள்ளி

முல்கியா புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தால் நான் செய்யும் முதல் காரியம், கைப்பேசியில் காவல்துறைச் செயலியைத் திறந்து வண்டி எண்ணைத் தட்டுவது. முகாலஃபா ஏதும் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் கட்டியாக வேண்டும். கட்டாமல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. இடம், நேரம், தொகை எல்லாம் வரிசையாக வரும். வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் பட்டியல் காலி. நீதிமன்றப் படி ஏற வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஒப்புக்கொள்ளாதவர்கள் டிராஃபிக் பிராசிக்யூஷனுக்குப் போய் முறையிடலாம். என் வட்டத்தில் அப்படிப் போனவர் எவருமில்லை.

இந்தக் கணக்குத் தீர்ப்பதில் வளைகுடா கறார். குவைத்தில் 2023 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவர் அபராதத்தைக் கட்டாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. கத்தாரும் அடுத்த ஆண்டு இதே வழிக்கு வந்தது. பணம் வந்தால் சரி, தவறு தீர்ந்தது. நாமும் அப்படியே பழகிவிட்டோம். துபாயில் பலகை 100 என்று சொன்னால் 120 வரை கேமரா கண்டுகொள்ளாது. ஆகவே எல்லோர் முள்ளும் 118, 119-ல் நிற்கும். டிசம்பரில் தேசிய நாள் நெருங்கும்போது சில அமீரகங்கள் பாதித் தள்ளுபடி அறிவிக்கும். அதற்காகவே கட்டாமல் வைத்திருக்கும் நண்பர்கள் உண்டு. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள்தானே.

ஆனால் பணம் எல்லோருக்கும் ஒரே கனம் அல்ல. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹம். எனக்கு அது ஒரு வார இறுதிச் செலவு. இன்னொருவருக்குப் பாதி மாதச் சம்பளம். பின்லாந்தில் இதை வருமானத்தை வைத்துச் சரிசெய்கிறார்கள். நோக்கியாவின் ஆன்சி வன்யோக்கி 50 கிலோமீட்டர் எல்லைக்குள் 75-ல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 2002-ல் விதிக்கப்பட்டது 1,16,000 யூரோ. மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது என்பது வேறு கதை.

அமீரகத்தின் வழி வேறு. இங்கே அபராதத்தோடு பிளாக் பாயிண்ட் ஏறும். சிவப்பு விளக்குக்கு 12, ஓட்டும்போது கைப்பேசி எடுத்தால் 4. மொத்தம் 24 ஆனால் உரிமம் முடங்கும். முதல் முறைக்கு மூன்று மாதம். முதலாளிக்கும் 24, லாரி ஓட்டுநருக்கும் 24. நம்மூரில் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவது என்று சொல்வார்களே, அதுபோல ஆளின் மேலேயே விழும் தண்டனை. பணத்தால் அழிக்க முடியாத ஒன்றைத் தேடித்தான் இதைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதைத்தான் நான் 500 திர்ஹத்துக்கு வாங்கினேன்.

2018-ல் ஒரு வியாழக்கிழமை மாலை. அன்று வேலை பார்த்த நிறுவனத்தின் வண்டி. வழக்கமாக ஓட்டும் அண்ணன் விமான நிலையம் போயிருந்ததால் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். அல் பர்ஷாவில் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்துவிட்டது என்று தெரிந்தேதான் மிதித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை வெளிச்சம் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

இரண்டு நாள் கழித்து நிர்வாகப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். “வண்டி கம்பெனி பேர்ல இருக்கு சார். பாயிண்ட்ட யாராவது ஒருத்தர் லைசென்ஸ்ல ஏத்தணும். டிரைவர் பேர்லயே போட்டுறலாமா?” நான் ஒரு நொடி யோசித்திருப்பேன். என் உரிமத்தில் அன்று ஒரு புள்ளிகூட இல்லை. இருபத்து நான்கில் பாதியைத் தாராளமாகத் தாங்கியிருக்கும். ஆனாலும் சுத்தமாக இருந்ததைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. “அவர்ட்ட கேட்டுட்டுச் செய்ங்க” என்றேன்.

அவர் ராமநாதபுரத்துப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். “பரவால்ல சார், நமக்குள்ளதானே” என்றார். பணத்தை முதலில் மறுத்தார். பிறகு, ஊரில் மழையில் ஓடு சரிந்து கிடக்கிறது, அதற்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார். அவரிடம் ஏற்கெனவே 8 புள்ளி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு முறை கைப்பேசி எடுத்ததற்கு. இரண்டுமே அலுவலகத்திலிருந்து “எங்க வர்றீங்க?” என்று கேட்டுப் போன அழைப்புகள்.

எட்டும் பன்னிரண்டும் இருபது. இன்னொரு அழைப்பை எடுத்தால் பிழைப்பு போகும்.

அவர் சம்மதித்துத்தானே வாங்கிக்கொண்டார் என்று பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர் நிர்வாகம், கேட்கச் சொன்னவன் நான், விசா நிறுவனத்தினுடையது. அவர் மாட்டேன் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தாரா என்ற கேள்வியைத் தள்ளிவைக்க அந்தச் சம்மதம் வசதியாக இருந்தது.

மனுநீதிச் சோழன் கதையும் ஒரு வண்டி விபத்துதான். தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தது. மகனைப் பலியிடத்தான் வேண்டுமா என்று எனக்கு அந்தக் கதையில் எப்போதும் ஒரு முரண்பாடு உண்டு. மகன் வேண்டுமென்றே ஏற்றியவனல்ல. ஆனால் பெரியபுராணத்தில் அமைச்சர்கள் முதலில் சொல்லும் யோசனையைக் கவனியுங்கள். நூல்களில் சொல்லியபடி கழுவாய் செய்துவிடலாம் என்கிறார்கள். அன்றைய அபராதத் தொகை. அரசன் மறுக்கிறான், பசுவின் துயரம் அதில் தீராது என்பதால். தேர்ப்பாகன் தலையில் போட்டுவிடலாம் என்பது அந்த அமைச்சர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்ற ஒரு நொடி போதுமாக இருந்தது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்த அரசனுக்குச் சிலை இருக்கிறது. படிக்கும் காலத்தில் அதைக் கடந்து பலமுறை போயிருக்கிறேன்.

அந்த ஒரு வருடம் அண்ணன் வண்டியில் ஏறியதும் கைப்பேசியை அணைத்து முன்பெட்டிக்குள் வைத்துவிடுவார். கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று புகார்கள் வந்தன. ஒரு வாராந்தரக் கூட்டத்தில் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. அந்த மேசையில் காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். கடிதம் போனது.

அடுத்த ஆண்டு ஒரு நாள் வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

“சார், உங்க பன்னெண்டும் போயிருச்சு.”

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்துக் கடையில் டீ குடிக்கலாம் என்று கூட்டிப்போனேன். கரக் டீ, ஒரு திர்ஹம். நான் சட்டைப்பையைத் தடவுவதற்குள் இரண்டு பேருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.