திராட்சை மதுவுக்கு நிமித்த காரணம்

ஒரு பொருள் எதனால் உண்டாகிறது என்னும் வினாவுக்கு விடை சொல்லும்போது இந்தியத் தத்துவ நூல்கள் குடம், துணி, தயிர், எள்ளெண்ணெய் ஆகியவற்றையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தால் தமிழில் நிலைபெற்ற சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கும். குடமாகவே மாறி நிற்கும் மண் முதற்காரணம். மாற்றத்துக்கு உதவிவிட்டு விலகிக்கொள்ளும் திரிகையும் தண்டும் துணைக்காரணம். இன்னது செய்கிறோம் என்று அறிந்து செய்யும் குயவன் நிமித்த காரணம். உலகம் என்னும் காரியத்துக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம் என்று சித்தாந்திகள் இதே பகுப்பை விரித்துச் செல்வர். குடத்தில் தெளிவாகத் தெரியும் இந்த மூன்றும் திராட்சை மதுவில் அத்தனை எளிதில் பிரிந்து நிற்பதில்லை. ஆகவே குடம் கற்பிக்காத ஒன்றை மது கற்பிக்கக்கூடும். மது அருந்தலாமா கூடாதா என்பது வேறு வினா. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை அதற்கு ஐயமற விடை சொல்லிவிட்டது. இங்கே ஆராயப்படுவது காரணம் பற்றிய வினா மட்டுமே.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வோன்-ரொமானே என்னும் ஊரை ஒட்டி ரொமானே-கோந்தி என்ற திராட்சைத் தோட்டம் உள்ளது. அதன் பரப்பு இரண்டு எக்டேருக்கும் குறைவு. நம் கணக்கில் நாலரை ஏக்கர். முற்காலத்தில் துறவியர் மடத்துக்கு உரியதாயிருந்த அந்நிலத்தை 1760இல் கோந்தி இளவரசர் வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சியில் அது பறிமுதலாயிற்று. 1869இல் துவோ-பிளோஷே என்பவர் வாங்கியபின் அவர் வழியினரிடமே தங்கி, 1942 முதல் து வில்லேன், லெருவா என்னும் இரு குடும்பங்களின் கூட்டுடைமையாக விளங்குகிறது. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களுள் ஒன்று அந்த நாலரை ஏக்கரிலிருந்து வருகிறது. அதன் பெருமைக்குக் காரணம் என்னவென்று கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள் ‘தெர்வார்’ என்ற சொல்லைத் தருவர். மண்ணின் வகை, சரிவு, வெயில் விழும் திசை, காற்று, மழை ஆகிய அனைத்தும் கூடி ஒரு விளைபொருளுக்கு அளிக்கும் தனித்தன்மையை அச்சொல் குறிக்கும். நிலத்துக்கு ஏற்பப் பூவும் தொழிலும் உணர்வும் அமைகின்றன என்று திணை வகுத்த மரபில் வந்தவர்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. தெர்வார் கொள்கையின்படி நிலமே மதுவைச் செய்கிறது. குடும்பம் காவல் மட்டும் இருக்கிறது.

இக்கொள்கையின் பலத்தைச் சோதிக்க அந்தத் தோட்டத்தின் வரலாறே போதும். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளைப் பெருமளவில் அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியின் தண்டை ஒட்டுக்கட்டுவதே நிலைத்த தீர்வாயிற்று. ரொமானே-கோந்தியோ கார்பன் டைசல்பைடு என்னும் வேதிப்பொருளை மண்ணுக்குள் செலுத்திப் பழைய கொடிகளைப் பல பத்தாண்டுகள் காத்துவந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அப்பொருள் கிடைப்பது அரிதாகிவிடவே, 1945ஆம் ஆண்டின் அறுவடையோடு கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு, ஒட்டுக்கொடிகள் நடப்பட்டன. 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் மது வரவில்லை. 1952இல் மீண்டும் வந்தது. அந்த ஆறு ஆண்டுகளிலும் நிலம் இருந்தது, குடும்பம் இருந்தது, பெயரும் இருந்தது. மது மட்டும் இல்லை. மீண்டும் வந்த மதுவோ அமெரிக்க வேரில் நின்ற கொடியின் மது. ஆயினும் அது வேறொரு மது என்று எவரும் சொல்லவில்லை. முதற்காரணத்தின் ஒரு பாதி மாறியபின்னும் காரியம் அதுவே என்று கொள்ளப்படுமானால், அதை அதுவாக நிறுத்துவது எது?

நிலமே என்பது தெர்வார்க் கொள்கையினரின் மறுமொழி. அதே பர்கண்டியில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்தேர்சியத் துறவியர் உருவாக்கத் தொடங்கிப் பின்னர் மதில் எழுப்பிய குளோ து வூழோ தோட்டம் இந்த மறுமொழிக்கு இடையூறாக நிற்கிறது. ஏறத்தாழ ஐம்பது எக்டேர் கொண்ட அத்தோட்டம் புரட்சிக்குப் பின் விற்கப்பட்டுப் பிற்காலத்தில் துண்டு துண்டாகப் பிரிந்து, இன்று ஏறத்தாழ எண்பது உடைமையாளர்களின் கையில் உள்ளது. பிள்ளைகளுக்குச் சமபங்கு என்னும் நெப்போலியன் சட்டத்தொகுப்பின் விதி பர்கண்டியின் குடும்ப நிலங்களை எவ்வாறு சிறுசிறு வரிசைகளாக்கியது என்பதை, பங்காளிகள் வரப்புக்கு வரப்பு பாகம் பிரிப்பதைக் கண்டவர்கள் எளிதில் உணர்வர். ஒரே மதிலுக்குள் விளைந்தும் குடும்பத்துக்குக் குடும்பம் மது வேறுபடுகிறது. மேட்டுநிலத்துக்கும் தாழ்நிலத்துக்கும் உள்ள வேறுபாடு அதற்கு ஓரளவு காரணம் என்பது உண்மையே. ஆனால் அடுத்தடுத்த வரிசைகளிலும் வேறுபாடு தோன்றுவதால், நிலம் இன்றியமையாதது என்று சொல்லலாமே தவிர, நிலமே போதுமானது என்று சொல்ல இயலாது.

இனிக் காரியத்தையே நோக்கவேண்டும். எண்ணெய் எள்ளில் முன்பே இருப்பதுபோலக் காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்பது சற்காரியவாதம்; சாங்கியரும் சித்தாந்திகளும் இதை ஏற்பர். முன்பு இல்லாததே புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய மரபினரின் அசற்காரியவாதம். பழத்தை நசுக்கிப் பானையில் விட்டால் மனிதக் கை படாமலே அது நுரைக்கத் தொடங்குவதால், இவ்விடத்தில் சாங்கியரின் வாதம் வலுப்பெறுவதுபோல் தோன்றும். கன்றுக்காகப் பால் தானே சுரப்பதுபோல, அறிவற்ற பொருளும் தானே செயல்படும் என்பது அவர்கள் கட்சி. நுரைப்பது தானாக அன்று, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்ககாலும் கரியமில வாயுவும் ஆக்குவதால்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நிறுவினார். அந்த ஈஸ்ட் துணைக்காரணம் எனலாம். ஆனால் சடமான திரிகையைப் போலன்றி, தன் பசிக்காகத் தானே இயங்கும் உயிருள்ள துணைக்காரணம். மது என்ற ஒன்று உண்டாகிறது என்பதே அதற்குத் தெரியாது.

கவனித்துப் பார்த்தால், தானே நடப்பது மதுவோடு நிற்பதில்லை. காற்றுப்பட விட்டால் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து ஆல்ககாலைக் காடியாக்கிவிடும். இயற்கையின் போக்கில் சாறு செல்லும் வழியின் இறுதி காடியே. மது அவ்வழியின் நடுவே உள்ள ஒரு தங்குமிடம். பழத்துக்குள் மது இருப்பது எவ்வளவு உண்மையோ காடி இருப்பதும் அவ்வளவு உண்மை. எனவே சற்காரியவாதம் சரி என்றாலும், உள்ளே கிடக்கும் பலவற்றுள் எது வெளிப்பட்டு நிலைக்கவேண்டும் என்பதை முதற்காரணமும் துணைக்காரணமும் தாமே தீர்மானிப்பதில்லை. அறிவற்றது அறிவுடைய ஒருவனின்றி ஒரு பயன் நோக்கி நடவாது என்று சாங்கியரை மறுக்கும் சித்தாந்தியின் வாதம் குடத்தைவிட மதுவிலேயே கூர்மை பெறுகிறது. குயவன் மண்ணை இயக்குகிறான். மது செய்பவனோ தானே இயங்கும் ஒன்றை உரிய இடத்தில் நிறுத்துகிறான்.

நிறுத்தும் இடத்தை அறிவதற்குத் தமிழில் ‘பதம்’ என்று பெயர். இச்சொல்லின் முழுப்பொருளையும் காண விரும்புவோர் பர்கண்டிக்குச் செல்லவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக் காந்தலூரும் மறையூரும் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் அஞ்சுநாடு என வழங்கும். அங்குள்ள தமிழ் வேளாண்குடிகள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தம் மரபுச் செய்தி சொல்வர். மறையூரில் கரும்புச்சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறுவதற்குள் கையால் உருட்டி எடுப்பர். கணம் முந்தினால் உருண்டை பிடிக்காது. கணம் பிந்தினால் கருகும். மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தலூர்-வட்டவடைப் பூண்டும், மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் அப்பதிவைப் பின்னர்ப் பெற்றன. பன்னீர்த் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வதுண்டு. மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் அவ்வகை இங்கிலாந்தில் உருவானது அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் என்பதால் அந்த ஆண்டை அப்படியே ஏற்பது கடினம். ஆனால் பிறநாட்டு வேர் வேறொரு பள்ளத்தாக்கில் ஊன்றி அந்த ஊரின் பெயரையே பெற்றது என்பதில் ஐயமில்லை.

புவிசார் குறியீடு என்பது தெர்வார்க் கொள்கையின் சட்ட வடிவமே. 1935இல் பிரான்ஸ் தன் ஒயின்களுக்காக வகுத்த தோற்றப்பெயர் முறையும், ஒயினுக்கும் வடித்தெடுக்கும் மதுவகைகளுக்கும் கூடுதல் காப்பு அளித்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமும், இந்தியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே வழியில் வந்தவை. இச்சட்டங்கள் நிலத்தின் எல்லையையும் செய்முறையையும் பதிவேட்டில் காக்கின்றன. செய்பவரின் கையில் உள்ள பதத்தைப் பதிவேட்டில் எழுத இயலாது. ஆகவே குடும்பம் வழிவழியாகப் பெறுவது நிலத்தை மட்டுமன்று, நிறுத்தும் இடத்தை அறியும் அறிவையும்தான் என்று கொள்வதே பொருந்தும். நிலத்தை விற்றுவிடலாம், அவ்வறிவை விற்க இயலாது, ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மீட்பதும் எளிதன்று.

பழத்துக்கும் உயிருக்கும் சித்தாந்தம் ‘பரிபாகம்’ என்ற ஒரே சொல்லை ஆள்வது இங்கே நினைக்கத்தக்கது. உயிரை மறைக்கும் ஆணவ மலம் தன் வலி குன்றும் நிலையை மலபரிபாகம் என்பர். அந்நிலை வாய்க்கும்போதுதான் அருள் பதியும். மலம் முதிர்வதும் தானே நடப்பதன்று. உள்நின்று மறைத்தவாறே முதிரச் செய்வது இறைவனின் திரோதான சக்தி என்பது அவர்கள் கொள்கை. இருட்டான நிலவறையில், பீப்பாயை மூடிவைத்து, காற்றின் அளவை அறிந்து காத்திருப்பவரின் வேலையும் மறைத்து முதிர்விப்பதே. உவமை முழுதும் பொருந்தாது. இறைவனுக்குப் பதம் தவறுவதில்லை, மனிதருக்குத் தவறும்.

திராட்சை அல்லாத பழங்களிலிருந்தும் பிற விளைபொருள்களிலிருந்தும் ஒயின் செய்யச் சிறு ஆலைகளுக்கு வழிசெய்யும் விதிகளைக் கேரள அரசு 2022இல் வகுத்தது. ஆப்பிளும் பிளம்சும் பீச்சும் விளையும் காந்தலூரின் படிக்கட்டு நிலங்களில், கிராண்டிஸ் என்னும் யூக்கலிப்டஸ் மரங்கள் நீரை உறிஞ்சிய சரிவுகளுக்கும் தங்கும் விடுதிகளாக மாறிய தோட்டங்களுக்கும் இடையே, வெல்லத்தின் பதம் அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. பழச்சாறு எந்த நாளில் நுரை அடங்கும், எந்த நாளில் மூடவேண்டும் என்பதை அக்கைகள் இனிமேல்தான் கற்கவேண்டும்.