மணிக்கு அடியில் நின்றவர்

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் நகருக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்று ஒரு கிராமம். அங்கே பிறந்த ஜான் பன்யனுக்கு ஓட்டைப் பாத்திரம் அடைப்பது தொழில். தேவாலய மணி அடிப்பதில் கொள்ளை ஆசை. அந்த ஆசை பக்திக்கு ஆகாது என்று ஒரு கட்டத்தில் தோன்றவே, விட்டுவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதை வேடிக்கை பார்க்கப் போவார். மணி அறுந்து விழுந்தால்? உத்தரத்துக்கு நேர் கீழே ஒதுங்கினார். விழுகிற மணி சுவரில் மோதித் திரும்பி வந்து மேலே பட்டால்? வாசலுக்கு வந்தார். கோபுரமே சரிந்தால்? எடுத்தார் ஓட்டம்.

மத விவகாரத்தில் சிறைப்பட்டிருந்த காலத்தில், 1666-இல் வெளியான தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். இதைவிடக் கொடுமையான ஒன்றும் அதில் உண்டு. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஓர் எண்ணம். சாப்பிட உட்கார்ந்தால் வரும். கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கக் குனிந்தால் வரும். மாட்டேன், மாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லி மாளாது. யாரோ பக்கத்தில் நின்று நெருக்குவதுபோல் கையாலும் முழங்கையாலும் தள்ளுவார். ஒருநாள் காலை, படுக்கையில், களைத்துப்போன மனதில் ‘போனால் போகட்டும்’ என்று ஒரு நினைப்பு ஓடிவிட்டது. அவ்வளவுதான். தனக்கு இனி மீட்சியே இல்லை என்று ஏறக்குறைய இரண்டு வருஷம் புழுங்கினார்.

முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வாழ்ந்தவருக்கு இன்று நாடி பார்ப்பது சரியில்லைதான். ஆனால் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் புதிதாக இருக்காது. கற்பூரம் காட்டும் நேரத்தில் ஒருவருக்குச் சாமியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனதில் எழுகிறது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், திரும்ப எழுகிறது, திரும்பப் போட்டுக்கொள்கிறார். வெளியே தெரிவதெல்லாம் பக்திதான்.

அழைக்காமல் வரும் எண்ணத்துக்கு மனிதன் பொறுப்பாளியா? மதங்கள் இதை லேசாக விடவில்லை. இச்சையோடு பார்த்தாலே விபசாரம் என்கிறது மத்தேயு சுவிசேஷம். பிறர் பொருளைத் திருட எண்ணுவதே தீது என்கிறார் வள்ளுவர். ஆனால் அந்தக் குறளை நிதானமாகப் படித்தால், வஞ்சித்துக் கவர்ந்துகொள்வோம் என்ற தீர்மானம் அதில் இருக்கிறது. தலைக்குள் வந்து போகிற எண்ணத்துக்கும் அதற்கும் வெகுதூரம். உள்ளத்தின் ஊசலாட்டத்தை, சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை, இறைவன் மன்னிக்கிறான் என்பது நபிமொழி. இஸ்லாத்தில் இந்த ஊசலாட்டத்துக்கு வஸ்வாஸ் என்று தனிப் பெயரே உண்டு.

1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்து, தற்கொலை எண்ணம் வரை போனவர் கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார். பிற்பாடு அவர் தந்த உதாரணம் அபாரமானது. வழியில் இரண்டு வைக்கோல் துரும்புகள் சிலுவைபோல் கிடக்கின்றன. ஒருவர் தெரியாமல் மிதித்துவிடுகிறார். அதைப் பாவம் என்று முடிவு கட்டினால் அது வெறும் தப்புக் கணக்கு. பாவம் செய்தேனா, இல்லையா என்று அதற்குப் பிறகு அரிக்கிறதே, மனக்குடைச்சல் என்று அவர் சொல்வது அதைத்தான்.

இப்படி அழைக்காமல் வரும் எண்ணங்கள் நோயாளிக்கு மட்டும் வருபவையா? உளவியலாளர் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களிலேயே ஐந்தில் நான்கு பேர் வேண்டாத எண்ணங்கள் வருவதை ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலோர் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நோயாளி விசாரணை நடத்துகிறார். ‘சுத்தம்’ எனப்படும் புத்தரின் உபதேசங்களையும் நவீன சிகிச்சையையும் ஒப்பிட்டு எழுதியவர் டி சில்வா. வேண்டாத எண்ணத்தைக் கையாள ஐந்து வழி சொல்லும் ஒரு சுத்தத்தில், கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோல் கவனிக்காமல் விடுவது மூன்றாவது. பல்லைக் கடித்து மனதை அடக்குவது ஐந்தாவது. துறவிக்கு ஐந்தாவது பலித்திருக்கலாம். ஓசிடிக்காரருக்கு அது பன்யனின் முழங்கைதான்.

1966-இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் முதலில் தேற்றிக் காட்டிய இருவரில் ஒருவர், தெய்வநிந்தை எண்ணங்களால் அவதிப்பட்ட பெண். அஞ்சுவதை எதிர்கொள்ள வைத்து, பரிகாரச் செயலைத் தடுக்கும் அவரது முறைதான் இன்றைக்கும் முதன்மையான சிகிச்சை. ஃப்ளூவாக்சமின், ஃப்ளூவாக்செட்டின் போன்ற மாத்திரைகளும் உதவும்; பலன் தெரிய எட்டுப் பத்து வாரம்கூட ஆகலாம்.

சிகிச்சையாளர்கள் யாரையும் பாவம் செய்யச் சொல்வதில்லை. வேண்டுமானால் குருக்களையோ பாதிரியாரையோ இமாமையோ கலந்தாலோசிப்பார்கள். “ஒண்ணும் ஆகாது, சாமி மன்னிச்சிடும்” என்று வீட்டார் நாளுக்கு நாற்பது தடவை சொல்வதும் ஒரு பரிகாரமே என்பதால் அதையும் மெல்லக் குறைப்பார்கள். சுலோகத்தில் ஒரு சொல் தடுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கெட்ட வார்த்தை வந்தால் வரட்டும். பதற்றம் ஏறும், உள்ளங்கை வியர்க்கும், கை கன்னத்துக்குப் போகப் பார்க்கும். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மீதிச் சுலோகத்தைச் சொல்லி முடிப்பது அன்றைய வீட்டுப்பாடம்.