பாவத்தில் இருப்பவரின் தொழுகை



பள்ளிவாசலில் யாரும் வாய்விட்டுக் கேட்கத் துணியாத ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கேமரா முன்னால் உடலைக் காட்டிப் பிழைக்கும் ஒரு சகோதரி. ஐந்து வேளையும் தொழுகிறார், ரமலானில் நோன்பு பிடிக்கிறார். "நான் முஸ்லிம்தானா? என் தொழுகை கூடுமா?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேலை நாடுகளில் இது கற்பனைக் கேள்வி அல்ல. 2016-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஒன்லிஃபேன்ஸ் போன்ற தளங்கள் வந்த பிறகு, ஒரு செல்போனும் தாழிட்ட அறையும் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. 2020 கொரோனா முடக்கத்தில் வேலை இழந்த பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருமானம் ஹராம். விபச்சாரத்தின் கூலியை ரசூலுல்லாஹ் (ஸல்) தடுத்திருக்கிறார்கள்; அதை ஹலாலாக்க எந்த ஆலிமாலும் முடியாது. நிய்யத் சுத்தமாக இருந்தால் போதும் என்று மார்க்கத்தை வளைப்பவர்கள் அந்தச் சகோதரிக்கு நன்மை செய்யவில்லை.

ஆனால் அவரை ஈமானைவிட்டு வெளியே தள்ள எனக்கும் அதிகாரமில்லை, உங்களுக்கும் இல்லை. பெரும்பாவம் செய்தவன் காஃபிர் என்று சொன்னவர்கள் காரிஜியாக்கள் என்ற பிரிவினர். அஹ்லுஸ் ஸுன்னத் இமாம்கள் அதை ஏற்கவில்லை. பாவத்தை ஹலால் என்று கருதாதவரை, கிப்லாவை முன்னோக்கும் ஒருவரை அந்தப் பாவத்துக்காகக் காஃபிராக்க மாட்டோம் என்பதே இமாம் தஹாவி எழுதிவைத்த அகீதா. செய்வது தவறு என்று தெரிந்து, ராத்திரி தூக்கம் வராமல் அழுகிறாரே, அந்த அழுகைக்குள் ஈமான் இருக்கிறது.

புகாரியில் வரும் ஒரு சஹாபியைப் பாருங்கள். பெயர் அப்துல்லாஹ். பட்டப்பெயர் ஹிமார், அதாவது கழுதை. நபிகளாரைச் சிரிக்கவைப்பவர். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. பிடித்துக்கொண்டு வருவார்கள், தண்டனை நடக்கும், மறுபடியும் குடிப்பார், மறுபடியும் கொண்டுவருவார்கள். ஒருநாள் கூட்டத்தில் ஒருவர் சலித்துப்போய் அவரைச் சபித்துவிட்டார். நபி (ஸல்) உடனே தடுத்தார்கள். இவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர், சபிக்காதீர்கள் என்றார்கள். கவனியுங்கள், தண்டனை தள்ளுபடியாகவில்லை, சாபம்தான் தள்ளுபடியானது. திரும்பத் திரும்பச் செய்யும் பாவமும் அல்லாஹ்வின் மீதுள்ள நேசமும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்று சாட்சி சொன்னவர்கள் நம் நபி. நாம் யார் அதை மறுக்க?

ஆகவே சகோதரி, முதலில் இதை விட்டுவிடுகிறேன், பிறகு தொழுகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். மானக்கேடானவற்றிலிருந்து தொழுகை தடுக்கும் என்பது குர்ஆனின் வாக்கு. தடுக்கும் கையையே வெட்டிவிட்டால் வேறு எது உங்களைத் தடுக்கும்?

இனி ஆண்களே, உங்களிடம் பேசவேண்டும். சூரா அந்நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது. பணம் கட்டிப் பார்க்க ஆள் இல்லையென்றால் இந்தத் தொழிலே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் உலகத்துக்கே தெரிகிறது. பார்ப்பவன் முகம் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. அவன் முன்வரிசையில்கூடத் தொழுதுகொண்டிருக்கலாம். லெபனானில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பெண், 2014-ல் இந்தத் தொழிலுக்குப் போய்ச் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். அதில் தமக்குக் கிடைத்தது மொத்தமே சுமார் 12,000 டாலர் என்று பின்னாளில் அவரே சொன்னார். பெயர் வேண்டாம், மறைப்பதுதான் நமக்கு முறை. ஒரு படத்தில் அவருக்கு ஹிஜாப் அணிவித்தார்கள். நம்மவர்கள் கொதித்தார்கள், கொலை மிரட்டல்கூட வந்தது. அந்தப் படங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் விட்டுவிட்டார், பார்ப்பவர்கள் விடவில்லை. இப்படியொரு பதிவு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்புவதும், "இவள் இன்னார் வீட்டுப் பெண்ணாமே" என்று துருவுவதும், மானக்கேடு பரவ விரும்புவோரை எச்சரிக்கும் வசனத்தின் கீழ்தான் வரும்.

தவ்பா என்று வாயால் சொல்வது எளிது. மறுநாள் வாடகை? டமாஸ்கஸில் 1328-ல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா இதையும் யோசித்திருக்கிறார். விபச்சாரத்திலிருந்து தவ்பா செய்த பெண் ஏழையாக இருந்தால், கையில் இருக்கும் அந்தப் பணத்திலிருந்தே தேவையான அளவு அவருக்குக் கொடுக்கலாம். நெசவோ நூற்போ தெரிந்தவர் என்றால் தொழில் தொடங்க முதலும் கொடுக்கலாம் என்று ஃபத்வா எழுதினார். வெறுங்கையோடு தெருவில் நின்றால் பழைய வாசலுக்கே திரும்பிப் போக நேரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

நம் பைத்துல்மாலில் மருத்துவத்துக்கு ஒதுக்குகிறோம், படிப்புக்கு ஒதுக்குகிறோம், குமர் காரியத்துக்கு ஒதுக்குகிறோம். இந்த வழியை விட்டு வர நினைக்கும் ஒருவருக்குச் சில மாத வாடகையும் ஒரு தொழிற்பயிற்சிக் கட்டணமும் கொடுக்க ஏன் ஒதுக்கக்கூடாது? நிர்வாகிகள் இந்த மாதக் கூட்டத்திலேயே இதை எடுங்கள். ரசீதில் பெயர் வேண்டாம். உதவி கேட்பவர் ஆண்கள் முன்னால் வந்து நிற்கவும் வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆலிமாவின் எண்ணைப் பெண்கள் பகுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள், அழைப்பு அவருக்கு மட்டும் போகட்டும்.